மெருகேற்றினால் அழியும் பழைய கைத்துப்பாக்கி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய கைத்துப்பாக்கிகளைச் சேகரிப்போர் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையில், நூறாண்டு கடந்த பாக்கெட் பிஸ்டல் ஒன்று கண்ணாடிபோலப் பளபளக்கும் படத்தைப் போட்டு, அதைப் ‘புத்துயிர்’ என்று பாராட்டியிருந்தீர்கள். அதைக் கண்டு எனக்கு வருத்தமே மேலிட்டது. அதே தவற்றை நானும் செய்து இழந்திருக்கிறேன்.

உரிய உரிமம் பெற்று நான் வாங்கியது அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனமான கோல்ட்டின் (Colt) 1903ஆம் ஆண்டு மாதிரி. ஜான் பிரௌனிங் வடிவமைத்த, .32 அளவுத் தோட்டா போடும் இந்தப் பிஸ்டலில், சட்டைப்பையிலிருந்து எடுக்கையில் துணியில் சிக்காதபடி, தோட்டாவை வெடிக்கச் செய்யும் சுத்தியல், ஸ்லைடு எனப்படும் முன்பின் நகரும் மேற்பகுதிக்குள் மறைந்திருக்கும். ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்டதால் இது அரிய பொருளன்று. ஆனால் துருப்பிடிக்காமல் இருக்க எஃகின் மேல் தொழிற்சாலையில் ஏற்றிய நீல நிறம் மாறாமல் இருப்பது அரிது. என்னுடையதில் அது பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தது. அங்கங்கே துரு தெரிகிறதே என்று ஒரு பட்டறையில் கொடுத்தேன். திரும்பி வந்தபோது, ஸ்லைடில் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரையின் உருவமான நிறுவனச் சின்னம் மழுங்கியிருந்தது, எழுத்துகள் ஆழமிழந்திருந்தன, திருகாணித் துளைகளின் விளிம்புகள் சுழலும் மெருகுச் சக்கரத்தில் தேய்ந்து கிண்ணம்போலக் குழிந்திருந்தன. அக்காலத்தில் கரி உலையில் சூடேற்றி வரவழைத்த ஆழ்ந்த நீலத்துக்குப் பதிலாக, உப்புக் கரைசலில் முக்கியெடுத்த கருமை மட்டுமே படிந்திருந்தது. தேய்ந்துபோன இரும்பை எந்தக் கைவினைஞராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

செய்திருக்க வேண்டியது மிக எளிது. கைப்பிடிக்குள் இருக்கும் தோட்டாப் பெட்டியை (மேகசின்) கழற்றியபின் ஸ்லைடைப் பின்னிழுத்து, குழலின் அறையில் தோட்டா ஏதும் தங்கவில்லை என்று கண்ணால் பார்த்து உறுதி செய்தபிறகே வேலையைத் தொடங்க வேண்டும். செந்துரு உள்ள இடத்தில் மெல்லிய எண்ணெய் தடவி ஓரிரு நாள் ஊறவிட்டுப் பருத்தித் துணியால் துடைத்தால் பெரும்பகுதி வந்துவிடும். பிடிவாதமான புள்ளிகளை எஃகைவிட மென்மையான செம்புத் துண்டால் சுரண்டலாம். நாள்பட்டுப் படிந்து அசையாமல் நிற்கும் பழுப்பு நிறத்தைத் தொடவே கூடாது. கைப்பிடியின் கடின ரப்பர் தகடுகள் வயதாக ஆகச் சுருங்கி நொறுங்கும் தன்மையை அடைந்துவிடுவதால், திருகாணியை முழுவதும் கழற்றாமல் அவற்றை நெம்பக் கூடாது. தளர்ந்த சுருள்வில்லை மாற்றுவதில் தவறில்லை. கழற்றிய பழைய வில்லைத் தூக்கியெறியாமல் உறையிலிட்டுப் பிஸ்டலுடனேயே வைத்திருக்க வேண்டும்.

வாங்கும்போதும் பளபளப்பில் மயங்கக் கூடாது. 1866 முதல் 1935 வரை வெளிவந்த ரெமிங்டன் நிறுவனத்தின் இரட்டைக்குழல் டெரிஞ்சர் என்னும் சிறு கைத்துப்பாக்கியில், குழலைத் தாங்கும் கீலின் காதுகள் விரிசல் விடுவது வழக்கம். புதுப்பூச்சு அந்த விரிசலை மறைத்துவிடும். உருப்பெருக்கியால் அங்கே பார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும். தொடர் எண் தேய்ந்துபோன பிஸ்டலை எக்காரணம் கொண்டும் வாங்கக் கூடாது. எண்ணை அழித்த ஆயுதத்தை வைத்திருப்பது பல நாடுகளில் தனிக் குற்றமாகும்.

இனி இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது, அந்தத் துப்பாக்கி பட்டறைக்குப் போகுமுன் எடுத்த படத்தையும் அருகிலேயே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்