மைக்கைக் குறைத்து, பேச்சை இறக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன வாரம் எங்கள் ஊர்ச் சபையின் பொது விருந்தான அசனத்துக்கு முந்தின நாள் கூட்டத்தில் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். நீதிமானாக்கப்படுதல், பரிசுத்தமாக்கப்படுதல், மீட்பின் திட்டம் என்று வார்த்தைகள் வந்துகொண்டே இருந்தன, கூம்பு ஸ்பீக்கர் வேறு காதைக் கிழித்தது. பக்கத்தில் இருந்த பீடி சுற்றுகிற அக்காவிடம் என்ன புரிந்தது என்று கேட்டேன். "நல்லாத்தான் பேசுனாவ, என்னன்னுதான் தெரியல" என்றார்.

இயேசு அப்படியா பேசினார்? விதை, வலை, புளித்த மாவு, தொலைந்த காசு. கேட்கிறவர் வீட்டில் கிடந்ததையெல்லாம் எடுத்துப் பேசினார். நம் பக்கத்தில் பனை இருக்கிறது, பதநீர் இருக்கிறது, தாமிரபரணித் தண்ணீர் கடைமடைக்கு வராத கவலை இருக்கிறது. இவற்றை விட்டுவிட்டு எங்கோ பனி பெய்யும் ஊர்க் கதையை எதற்குச் சொல்ல வேண்டும்?

1774இல் நெல்லையில் பிறந்த கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் குறவஞ்சி, நொண்டி நாடகம் என்று ஜனங்களுக்குப் பழகின வடிவத்திலேயே வேதத்தைச் சொன்னவர். பாட்டு வராவிட்டால் பரவாயில்லை, இருபது நிமிடத்தில் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லலாமே. பயமுறுத்துவதையும், அடுத்த மதத்துக்காரரைச் சீண்டுவதையும் விட்டாலே பாதி நேரம் மிச்சம். அப்புறம், இறங்கிப் போகுமுன் கடைசி வரிசையில் இருந்தவரிடம் என்ன கேட்டது என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சபை அங்கத்தினர்,
பாளையங்கோட்டை