ஓடாத ஓட்டத்துக்கு நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காங்கேயம் பக்கம் 31 வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்தவன் நான். போன மாதம் மகள் வயிற்றுப் பேத்தி, ஆறாவது படிக்கிறவள், பள்ளியில் தந்த உடற்தகுதி அட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். 600 மீட்டருக்கு 3 நிமிடம் 10 விநாடி என்று போட்டிருந்தது. "நல்லா ஓடியிருக்கறயே அம்மிணி" என்றேன். "எங்க அப்புச்சி ஓடுனோம்? வெயில்னு வகுப்புலயே உக்கார வெச்சுட்டாங்க" என்கிறாள். உயரம், எடைகூடப் போன வருஷத்து எண்கள்தான். ஒரு வருஷமாகப் பிள்ளை வளரவே இல்லை போலிருக்கிறது!

கேட்டால் மைதானம் இல்லை என்பார்கள். ஆறு நிமிட நடைச் சோதனைக்கு மைதானமே வேண்டாம். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று அளப்பது அது; நுரையீரல், இருதய நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரியில் வைப்பார்கள். நோய் நொடி இல்லாத பிள்ளைகளையும் அப்படி நடக்கவிட்டு அளந்திருக்கிறார்கள். அமெரிக்க நெஞ்சக மருத்துவச் சங்கம் 2002இல் வகுத்த முறைப்படி 30 மீட்டர் சமதளம் இருந்தால் ஆயிற்று. பள்ளி வராந்தா போதும்.

லீவில் எங்கள் களத்திலேயே வைத்துப் பார்த்தேன். கிணற்றுக் கயிற்றை 30 மீட்டர் அளந்து போட்டு, இரு முனையிலும் ஒரு செங்கல். ஒரு நடைக்கு ஒரு புளியங்கொட்டை. ஓடக் கூடாது, முடிந்த மட்டும் வீசி நடக்கணும். மூச்சு வாங்கினால் நின்றுகொள்ளலாம், கடிகாரம் மட்டும் நிற்காது. இரண்டு பேரை ஒன்றாக விட்டது என் தப்பு. மூன்றாம் திருப்பத்திலேயே பந்தயமாகிவிட்டது. அப்புறம் ஒவ்வொருவராக விட்டேன். அளக்கிறவர் "விடாதே, இன்னும் வேகமா!" என்று கத்தவும் கூடாது, கத்தினால் தூரம் கூடிவிடும். நிமிஷத்துக்கு ஒருதரம், ஒரே குரலில், "நல்லா நடக்கறே, இன்னும் நாலு நிமிஷம் இருக்குது". அவ்வளவுதான். பி.டி. வாத்தியாருக்கு இதுதான் பெரிய கஷ்டம்.

பேத்தி 17 கொட்டை, அதற்கு மேல் 12 மீட்டர், ஆக 522. பக்கத்து வீட்டுப் பையன் 594. இவள் முகம் சுண்டிப்போயிற்று. அவன் இவளைவிட அரைச் சாண் உயரம். கால் நீண்டால் எட்டும் நீளும். அதனால் ரேங்க் போட்டுவிடாதீர்கள். அன்றைக்கே உயரத்தையும் அளந்து தூரத்துக்குப் பக்கத்தில் எழுதி, அடுத்த வருஷம் அதே பிள்ளையின் கணக்கோடு வைத்துப் பாருங்கள்.

அளக்க முடியாமல் போனால் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டு அனுப்புங்கள். பெற்றவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
காங்கேயம்