முப்பதாம் நாள் ஒரு போன் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

நெல்லை, தென்காசிப் பக்கம் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்கிற மருத்துவமனைகளை நடத்துகிறவர்களுக்கும், அவற்றைக் கண்காணிக்கிற அதிகாரிகளுக்கும் களக்காட்டிலிருந்து ஒரு வாழை விவசாயி எழுதுவது.

போன செவ்வாய்க்கிழமை தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தபோது ஒரு போன். பதிவு செய்த பெண் குரல். "எங்கள் மருத்துவமனையின் சேவை எப்படி இருந்தது? மிக நன்று என்றால் ஒன்றை அழுத்தவும், நன்று என்றால் இரண்டை அழுத்தவும்." அத்தையை அங்கே சேர்த்தபோது என் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். அத்தை இறந்து மூன்று மாதம் ஆகிறது. அதற்கு எந்த எண்ணை அழுத்துவது என்று அந்தக் குரல் சொல்லவில்லை.

கோபம் ஆறட்டும் என்று நான்கு நாள் பொறுத்துத்தான் எழுதுகிறேன். முழுசாக ஆறவில்லை, மன்னிக்கவும்.

பெருங்குடலில் கட்டி. வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்தார்கள். டாக்டர் கைராசிக்காரர், அவரை நான் குறை சொல்லவில்லை. ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று சாயங்காலமே லேசாகக் காய்ச்சல். சீட்டில் எழுதியிருந்த பாரசிட்டமாலைக் கொடுத்தோம். எட்டாம் நாள் ராத்திரி, "ஏய்யா, வயிறு கல்லு கணக்கா இருக்கு" என்றார் அத்தை. டிஸ்சார்ஜ் சீட்டில் இருந்த நம்பருக்குப் பதினொரு தடவை அடித்தேன். அது ஆபீஸ் லேண்ட்லைன் என்று பிறகு தெரிந்தது. காலை பத்து முதல் மாலை ஐந்து வரை.

108-ஐக் கூப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். தையல் போட்ட வலி இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துவிட்டோம். 'உடனே கிளம்பு' என்று சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால் கிளம்பியிருப்போம். அத்தை முந்தானையை வாயில் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்டுவிடக் கூடாதாம். கரண்ட் வேறு இல்லை. செல்போன் வெளிச்சத்தில் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நாலு பக்கமும் இங்கிலீஷ். எனக்குப் புரிந்த ஒரே வார்த்தை, வீட்டுக்கு அனுப்பும்போது அத்தையின் நிலைமை என்ன என்று எழுதியிருந்த 'குட்'.

விடிந்து கொண்டுபோனபோது, குடலில் போட்ட தையல் விட்டுக் கசிந்துவிட்டது என்றார்கள். மறுபடி வயிற்றைத் திறந்து, மலம் வெளியே வர பை வைத்தார்கள். புண் ஆற இரண்டரை மாதம். புண் ஆறாமல் கீமோ கொடுக்க முடியாது என்பதால் அதுவும் தள்ளிப்போனது. அப்புறம் ஈரலில் பரவி, ஆபரேஷன் நடந்த பதினோராம் மாதம் போய்ச் சேர்ந்தார்.

என் மகள் நர்சிங் படிக்கிறாள். இதையெல்லாம் உலகத்தில் ஆராய்ந்து வைத்திருக்கிறார்கள் என்று அவள்தான் காட்டினாள். ஆபரேஷனுக்குப் பிறகு வரும் சிக்கல்களை ஐந்து படியாகப் பிரிக்கும் கிளாவியன்-டிண்டோ முறை 2004-லேயே வந்துவிட்டதாம். மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோனால் மூன்றாம் படி, இறப்பு ஐந்தாம் படி. 2021-ல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வில் 82 நாடுகள், 428 மருத்துவமனைகள், ஏறக்குறைய 16,000 நோயாளிகள். மார்பகம், இரைப்பை, பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆனவர்களை முப்பது நாள் கவனித்திருக்கிறார்கள். சிக்கல் எல்லா நாட்டிலும் வருகிறது. ஆனால் சிக்கல் வந்த பிறகு பிழைக்காமல் போவது ஏழை நாடுகளில்தான் அதிகம். எனக்கு இது ஆய்வு முடிவாகவே படவில்லை, எங்கள் வீட்டு எட்டாம் நாள் ராத்திரியாகத்தான் பட்டது. பெருங்குடல் ஆபரேஷனுக்குப் பிறகு கீமோ நான்கு வாரம் தள்ளிப்போனால் இறக்கும் அபாயம் சுமார் 14 சதவீதம் கூடுகிறது என்று 2011-லேயே கணக்கிட்டிருக்கிறார்களாம். அத்தைக்கு எத்தனை வாரம் தள்ளிப்போனது என்று நான் இனிமேல் எண்ணி என்ன ஆகப்போகிறது.

நீங்கள் எண்ணலாம். உங்கள் புத்தகத்தில் அத்தை இன்றைக்கும் 'குட்'டாகத்தான் இருப்பார். நல்லபடியாக வீடு திரும்பியவர் கணக்கில் ஒன்று. நோட்டீசில் போட்டுக்கொள்ளும் 'வெற்றிகரமான அறுவை சிகிச்சை'களிலும் ஒன்றாக இருக்கலாம்.

எங்கள் ஏத்தன் தார் கேரளாவுக்கு லாரி ஏறுகிறது. ஒரு தார் வழியில் நசுங்கினால் மறுநாள் காலை ஏழு மணிக்கு வியாபாரியிடமிருந்து போன் வரும். எந்தத் தோட்டம், யார் வெட்டியது, எப்போது ஏற்றியது, எல்லாம் கேட்பான். ஒரு வாழைத்தாருக்கு இருக்கிற விசாரிப்பு!

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஆபரேஷன் ஆன முப்பதாம் நாள் ஒரு போன், ஒரு வருஷம் கழித்து ஒரு போன். மெஷின் வேண்டாம், தமிழ் பேசுகிற ஒரு நர்ஸ் போதும். காய்ச்சல் வந்ததா, மறுபடி சேர்த்தீர்களா, கீமோ தொடங்கியாச்சா, ஆள் இருக்கிறாரா? இந்த நாலு கேள்வியைக் கேட்டு, வந்த பதிலை எழுதிவையுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை, எத்தனை பேருக்குச் சிக்கல் வந்தது, எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று பெயர் போடாமல் வெளியிடுங்கள். எண்ணிக்கை மோசமாக இருந்தால் சண்டைக்கு வர மாட்டோம். எண்ணாமல் இருப்பதுதான் தாங்கவில்லை.

ஆள் பற்றாக்குறை, பணம் இல்லை என்று சொல்வீர்கள். சரி. ஆனால் பதினான்கு மாதம் கழித்து 'மிக நன்று' வாங்குவதற்குப் போன் போடப் பணம் இருந்ததே. இப்படி எழுதியது மரியாதைக் குறைவாகப் பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பதாம் நாள் போனை மட்டும் தயவுசெய்து மறக்க வேண்டாம். டிஸ்சார்ஜ் சீட்டோடு, எந்தெந்த அறிகுறி தெரிந்தால் உடனே வர வேண்டும் என்று தமிழில் அரைப்பக்கமும், ராத்திரியும் எடுக்கிற ஒரு நம்பரும் சேர்த்துக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

மேற்கொண்டு விவரம் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள். என் நம்பர் உங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
களக்காட்டிலிருந்து ஒரு வாழை விவசாயி