மின்னல் தீயை மண்ணில்தான் அணைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

காட்டுத்தீச் செய்திகளில் விமானம் தண்ணீர் கொட்டுவதே படமாக வருகிறது. மேலிருந்து விழும் தண்ணீர் சுடரைத் தணிக்கும், அவ்வளவுதான். பொந்து மரத்துக்குள்ளும் வேரிலும் கனலும் நெருப்பு நாள்கணக்கில் தூங்கி, காற்று அடித்ததும் எழும்.

சிட்னிக்கு வடமேற்கே வொல்லமை காட்டில் 2019 அக்டோபர் 26-இல் மின்னல் மூட்டிய காஸ்பர்ஸ் மலைத் தீ 5 லட்சம் ஹெக்டேரைத் தாண்டியது. சாலையில்லாத இத்தகைய காட்டில் ஹெலிகாப்டரிலிருந்து கம்பிவடத்தில் ஆள் இறங்க வேண்டும். சருகு, மட்கு, வேர் அனைத்தையும் சீவி, வெறும் மண் தெரியும்வரை தீயைச் சுற்றிக் கோடு வெட்ட வேண்டும். ஒற்றை வேர் அடியில் குறுக்கே விடுபட்டாலும் நெருப்பு அதன் வழியே ஊர்ந்து மறுபுறம் தலைதூக்கும். கடைசியில் கையுறையைக் கழற்றி, புறங்கையைச் சாம்பலருகே கொண்டுபோய்ச் சூடு பார்க்க வேண்டும். அலுப்பான வேலைதான், இதைத் தவிர்த்தால் அணைத்த தீ திரும்பி வரும்.

தீ வரும் பாதையில் எரியக்கூடியதை முன்கூட்டியே எரித்துவிடும் எதிர்த்தீ வைப்பதிலும் ஆபத்து உண்டு. அதே ஆண்டு டிசம்பரில் இந்தத் தீயைத் தடுக்க மவுண்ட் வில்சன் ஊர் அருகே வைத்த எதிர்த்தீ கட்டுமீறிப் பரவியது.

எல்லாவற்றையும் காக்க முடியாதபோது எதைக் காப்பது என்று முதலிலேயே முடிவெடுக்க வேண்டும். 1994-இல் கண்டறியப்பட்ட, மிக அரிய தொன்மையான வொல்லமை பைன் மரங்கள் நிற்கும் பள்ளத்தாக்கில் இந்தத் தீயின்போது வீரர்கள் இறங்கி, நீர்தெளிப்பான் பொருத்தி நிலத்தை ஈரமாக வைத்தார்கள். சுற்றிலும் விமானங்கள் தீத்தடுப்புக் கலவையைத் தூவின. மரங்களில் பெரும்பாலானவை பிழைத்தன.

இப்படிக்கு,
காட்டுத்தீ தடுப்புப் பணியாளர்கள்