ஆறு மாதம் வரை நேரம் இருக்கிறது

அன்புள்ள கோமதிக்கு,

நாங்கள் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. அத்தை வீட்டுக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதெல்லாம் அம்மா போனில் சொல்லுவாள். பந்தியில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டார்கள்: "பேத்திக்கு என்ன பேர் வைத்திருக்கிறது?" நாலு மாதப் பிள்ளைக்கு இன்னுமா பேர் வைக்கவில்லை என்று பெரியப்பா முகத்தைச் சுளித்தார். நான் உங்கள் பக்கம்தான் பேசினேன். மாப்பிள்ளை ஊரான ஐஸ்லாந்தில் பேர் சூட்டுகிற நாள்வரை பேரை வெளியே விட மாட்டார்கள், பாட்டி தாத்தாவுக்குக்கூட அன்றைக்குத்தான் தெரியும், சட்டமே ஆறு மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறது என்று எடுத்துச் சொன்னேன்.

அதனால் நீ அவசரப்பட வேண்டாம். ஆறு மாதம் வரை நேரம் இருக்கிறது. ஆனாலும் ஐந்தாம் மாதத்துக்குள் பதிந்துவிட்டால் நல்லது. கடைசி வாரத்தில் ஆபீஸுக்கு ஓடுகிறவர்கள் என்ன பாடு படுவார்கள் என்பதைப் பார்த்தவன் நான்.

பிறப்பு இறப்புப் பிரிவில் மே, ஜூன் மாதம் வந்தால் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். பதிவேட்டைப் புரட்டினால் தாய் பேர், தகப்பன் பேர், ஆஸ்பத்திரி, தேதி எல்லாம் இருக்கும். பிள்ளையின் பேர் கட்டம் மட்டும் வெள்ளையாகக் கிடக்கும். 1969-ஆம் வருஷத்துச் சட்டப்படி பேர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம். 12 மாதத்துக்குள் வந்தால் கட்டணம் இல்லாமல் பேர் சேர்த்துக்கொள்ளலாம், அதற்கு மேல் 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்ட வேண்டும். ஐந்து வயதுப் பையன், தெருவே பேர் சொல்லிக் கூப்பிடுகிற பையன், எங்கள் பதிவேட்டில் வெறும் 'ஆண்' என்று நிற்பான். அந்தக் கட்டத்தில் நான் எழுதி முடிக்கும்வரை தாய்மார்கள் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த மேசையில்தான் எனக்குப் பேர்களின் மேல் பிரியம் வந்தது. குப்பம்மாள், பிச்சை என்று எழுதும்போது, முன்னால் பிறந்தது தங்காத வீடு இது என்று விளங்கிவிடும். பிள்ளையைக் குப்பையில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்து அந்தப் பேரை வைத்தால் எமன் சீந்த மாட்டான் என்று நம்பினார்கள். மங்கோலியாவிலும் இதே நினைப்புத்தான். நெர்குய் என்று வைப்பார்கள், 'பேரில்லை' என்று அர்த்தம். குன்பிஷ் என்றால் 'மனுஷன் இல்லை'. தேடி வருகிற கெட்ட ஆவி ஏமாந்து போக வேண்டுமாம். நைஜீரியாவில் யோருபா மக்கள் மாலோமோ என்று வைப்பார்கள், 'இனியும் போய்விடாதே' என்று. துரோஜயே என்றால் 'இருந்து வாழ்க்கையை அனுபவி'. எந்தக் கண்டத்தில் பெற்றாலும் தாய்க்கு ஒரே பயம்தான். போதும்பொண்ணு என்று எழுதத்தான் எனக்குக் கை வராது. வேறு பேர் யோசித்துக்கொண்டு நாளைக்கு வாருங்கள் என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அந்தப் பிரிவில் நான் இருந்தவரை பெரும்பாலும் என் கையெழுத்துத்தான். ஒரு பதிவை மட்டும் பக்கத்து மேசைக்காரர் எழுதினார். அது உனக்குத் தெரியும்.

சரி. நம் பாப்பா சனிக்கிழமை பிறந்தவள். கானாவில் அக்கான் மக்கள் வீட்டில் பிறந்திருந்தால் அன்றைக்கே அவளுக்கு ஒரு பேர் அமைந்திருக்கும்: அமா. கிழமைதான் அங்கே முதல் பேர். ஐ.நா. சபைக்குப் பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் வெள்ளிக்கிழமை பிறந்தவர், கோஃபி என்றால் அதுதான். பாலித் தீவில் முதல் பிள்ளை என்றால் வயான், அடுத்தது மடே, பிறகு நியோமன், கெதுட், ஐந்தாவது பிறந்தால் திரும்பவும் வயான். பிள்ளை வருவதற்கு முன்னாலேயே பேர் காத்திருக்கிற ஊர்கள் இவை. நாம்தான் காத்திருக்கிறோம்.

அம்மா வெள்ளிதோறும் அம்மன் கோவிலில் பாப்பா பேருக்கு அர்ச்சனை செய்கிறாள். ஐயர் பேர் கேட்கும்போது நட்சத்திரத்தை மட்டும் சொல்கிறாள். அவளுக்கு அதில் குறைதான், எனக்கு ஒன்றும் இல்லை.

மாப்பிள்ளை முதன்முதலாக நம் வீட்டுக்கு வந்தபோது என்னைச் 'சங்கரன்' என்று கூப்பிட்டது நினைவிருக்கிறதா? அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமியார் பேர் என்பதால் பெற்ற மகளையே இன்றுவரை 'பாப்பா' என்றுதானே கூப்பிடுகிறாள்! ஐஸ்லாந்தில் ஜனாதிபதியையே பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், டெலிபோன் டைரக்டரியில்கூட முதல் பேரை வைத்துத்தான் வரிசை என்று நான் சொன்ன பிறகுதான் சமாதானம் ஆனாள். எனக்கு அவர்கள் முறை நெருக்கமாகவே படுகிறது. குடும்பப் பேர் என்று ஒன்றைத் தலைமுறை தலைமுறையாகச் சுமப்பது அங்கே அபூர்வம். தகப்பன் பேரோடு மகன், மகள் என்று சேர்த்துக்கொள்கிறார்கள். நம் இனிஷியலை விரித்து எழுதினால் அதேதான். 1980-இல் ஜனாதிபதியாக ஜெயித்தாரே விக்டிஸ் பின்போகாடோட்டிர், மக்கள் ஓட்டுப் போட்டு ஜனாதிபதியான உலகின் முதல் பெண், அவர் பின்போகியின் மகள். விக் என்றால் போர், டிஸ் என்றால் தேவதை. நம் கொற்றவைதான்! கல்யாணம் ஆனாலும் பெண்கள் பேரை மாற்றிக்கொள்வதில்லை என்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. நீ இன்றும் என் இனிஷியலோடுதான் இருக்கிறாய். பூமிச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கிற நிலையத்தில் உன் மேசைமேல் 'ச. கோமதி' என்று பலகை இருக்கிற போட்டோவை நான் காட்டாத ஆள் இந்தத் தெருவில் இல்லை.

மாப்பிள்ளை பேர் யோன். நம் பக்கத்தில் அது யோவான், கத்தோலிக்க வீடுகளில் அருளப்பன். ரஷ்யாவில் இவான், ஸ்பெயினில் ஹுவான், அரபியில் யஹ்யா. எல்லாம் எபிரேயத்தில் 'கடவுள் அருளினார்' என்கிற ஒரே பேர். ஆகவே பாப்பா யோன்ஸ்டோட்டிர், அருளப்பன் மகள். பின்பாதி முடிவாகிவிட்டது. முன்பாதிதான் பாக்கி.

அந்த முன்பாதிக்கு அங்கே ஒரு குழுவே உண்டாமே, 1991-இல் இருந்து. பட்டியலில் இல்லாத பேர் என்றால் அவர்கள் பார்த்துச் சரி சொல்ல வேண்டும், அவர்கள் இலக்கணத்துக்கு வேற்றுமை உருபு ஏற்க வேண்டும். ப்லைர் என்று, இளங்காற்று என்று அர்த்தமாம், ஒரு பெண்ணுக்கு வைத்தார்கள். அது ஆண்பால் பேர் என்று குழு மறுத்துவிட்டது. 15 வயதுவரை அரசாங்கத் தாளில் அவளுக்கு 'ஸ்டூல்கா', அதாவது 'பெண்' என்று மட்டும்தான். 2013-இல் கோர்ட்டில் ஜெயித்துத்தான் தன் பேரை வாங்கினாள். படித்தபோது என் பதிவேட்டு வெள்ளைக் கட்டங்கள்தான் கண்ணுக்குள் வந்தன.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். அவர்கள் மொழியில் பெண் பேர்கள் அதிகமாக 'ஆ'வில் முடிகின்றன, அன்னா, ஹெல்கா என்று. 'இ'யில் முடிந்தால் பெரும்பாலும் ஆண்: ஹெல்கி, பியார்னி. நமக்கோ மீனாட்சி, வள்ளி, கோமதி என்று பெண்களே 'இ'யில்தான் முடிகிறார்கள். அதனால் நம் பேருக்குத் தடை வருமோ என்று பார்த்தால், 2019-இல் வந்த சட்டத்தில் ஆண் பேர், பெண் பேர் என்கிற கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டார்கள். தாய் தகப்பனில் ஒருவர் வெளிநாட்டுக்காரர் என்றால், அவர் ஊரில் வழங்குகிற பேர் ஒன்றையும் சேர்த்து வைக்க 1996-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஒரு பேர் அவர்கள் முறைப்படி இருந்தால் போதும். இது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாமல் போய்விடக் கூடாதே என்று எழுதுகிறேன். முடிவு உங்கள் இரண்டு பேருடையது.

சம்பந்தியம்மா வீடியோவில் ஒருநாள் சொன்னார்கள், மாப்பிள்ளை மொழிபெயர்த்தார். செத்துப் போனவர்கள் பிள்ளைத்தாச்சியின் கனவில் வந்து, என் பேரை வை என்று கேட்பார்களாம் அந்த நாட்டில். அம்மா உடனே எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். உனக்கு அப்படி ஏதாவது கனவு வந்ததா என்று கேட்க நினைத்தேன். நீ பாப்பாவைக் காட்டிவிட்டு அதற்குள் நகர்ந்துவிட்டாய். இப்போதெல்லாம் அப்படித்தான் செய்கிறாய். முன்பு ரெக்கார்டு நோட்டில் படம் வரைவதைக்கூட எங்களிடம் கேட்டுக் கேட்டுச் செய்த பிள்ளை நீ. வேலை இருக்கும், தூக்கம் இருக்காது, எனக்குப் புரிகிறது. இருந்தாலும் ஐந்து நிமிஷம் எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசலாம். நாங்கள் ஒன்றும் கேட்டுவிட மாட்டோம்.

எந்தப் பேர் வைத்தாலும் பதிவதற்கு முன்னால் எழுத்தை ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார். பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், நாளைக்கு வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓ.சி.ஐ. கார்டு, எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு எழுத்து பிசகினாலும் பின்னால் திருத்த அலைச்சல்தான். நம் பேர் ஒன்றும் சேர்ந்து வருவதாக இருந்தால் அதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று முதலில் என்னிடம் கேள், நான் பார்த்துச் சொல்கிறேன். அங்கே சாயங்காலம் நாலு மணி என்றால் இங்கே ராத்திரி ஒன்பதரை. நாங்கள் விழித்துத்தான் இருப்போம். ஆறு மாதம் வரை நேரம் இருக்கிறது, ஆனால் ஐந்தாம் மாதத்துக்குள் முடித்துவிடு.

அன்புடன்,
அப்பா