மின்தடை நாளுக்கு முந்தின ராத்திரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பேப்பரில் 'நாளை மின்தடை' என்று ஒரு சின்னப் பெட்டி வருமே, காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை பராமரிப்புப் பணி, இன்னின்ன ஊர்கள் என்று, அதை வரி விடாமல் படிக்கிற ஆள் நான். மற்றவர்களுக்கு அது மிக்ஸி ஓடாத நாள், எனக்கு வேலை நாள். மண்டபம், பாம்பன் பக்கம் ஐஸ் கம்பெனிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன், இருபது வருஷத்துக்கு மேலாயிற்று. லைனில் கரண்ட் இல்லாத அந்த எட்டு மணி நேரத்தில் மெயின் போர்டைத் திறந்து, தூசு தட்டி, கண்ணில் படுகிற நட்டு போல்ட்டை எல்லாம் ஒரு சுற்று முறுக்கி மூடிவிட்டால் பராமரிப்பு முடிந்தது என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். தடைக்காலத்திலும் அப்படித்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, ஐஸ் வாங்க ஆள் கிடையாது, கம்பெனி கிட்டத்தட்ட தூங்கும், சாவகாசமாக எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுப் பார்ப்போம்.

அப்படிப் பிரித்துப் பார்த்துப் பூட்டிய ஒரு கம்பெனியில்தான் என் மூக்கு உடைந்தது. ஜூன் பிறந்து படகுகள் கிளம்பத் தயாரானதும் கம்ப்ரசரை ராத்திரி பகலாக ஓட்ட ஆரம்பித்தார்கள். இரண்டாம் நாள் ராத்திரி இரண்டு மணி இருக்கும், போன் வந்தது. போய்ப் பார்த்தால் மூன்று பேஸில் பி பேஸ் கேபிளின் லக் (கேபிள் நுனியில் மாட்டுகிற உலோகக் கவ்வி) கருகி விழுந்து, கன்டாக்டரின் (மோட்டாருக்குக் கரண்டைக் கொடுத்து நிறுத்துகிற சுவிட்ச்) ஒரு பக்கம் உருகி, ஒரு பேஸ் போய்விட்ட சிங்கிள் பேசிங்கில் பாதுகாப்பு ரிலே அடித்து மோட்டார் நின்றிருந்தது. ரிலே இருந்ததால் மோட்டார் பிழைத்தது. தொட்டியில் பாதி உறைந்த ஐஸ் அப்படியே நின்றது, மதுரையிலிருந்து புதுக் கன்டாக்டர் வந்து சேர்வதற்குள் படகுக்காரர்கள் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள். அந்த லக்கின் ஸ்க்ரூவை மே மாதம் என் கையால் முறுக்கியிருந்தேன். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் சங்கடம்.

அப்புறம் இன்னொரு கம்பெனியில், முதலாளியின் மகன் இன்ஜினியரிங் படித்தவர், எங்கிருந்தோ ஒரு தெர்மல் கேமராவை, அதாவது சூட்டை நிறமாகக் காட்டுகிற கேமராவை, ஒரு நாள் வாடகைக்குக் கொண்டுவந்தார். துப்பாக்கி மாதிரி பிடி, பின்னால் செல்போன் அளவுக்குத் திரை. கொரோனா நேரத்தில் நெற்றியில் காட்டினார்களே அதுதானே என்றேன், சிரித்தார். மோட்டார் முழு லோடில் ஓடிக்கொண்டிருந்தபோது பேனல் கதவைத் திறந்து காட்டினார். நீல நிறத்தில் போர்டு, அதில் மூன்று கேபிள்கள். ஆர் பேஸ் 46 டிகிரி, ஒய் பேஸ் 47, பி பேஸ் நுனி மட்டும் வெள்ளையாகக் கொதித்துக்கொண்டு 88. கேமராவை விலக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தேன், மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே போல இருந்தன. மெயினை அணைத்து டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு ஸ்க்ரூவைத் தொட்டால் அதுவும் இறுக்கம்தான். லக்கைக் கழற்றிய பிறகுதான் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பொடி இருந்தது, உப்பளத்தில் ஓரமாகப் படியுமே அந்த மாதிரி.

அது என்னவென்றால், அலுமினியக் கேபிளைக் கொண்டுபோய் செம்பு டெர்மினலில் நேராகக் கட்டினால், ஈரமும் உப்பும் சேர்ந்த நம் ஊர்க் காற்றில் அந்த இரண்டு உலோகமும் சேர்ந்து ஒரு குட்டி பேட்டரி ஆகிவிடும், அலுமினியம் அரிக்கும், மேலே படிகிற ஆக்சைடில் கரண்ட் சரியாகப் பாயாது, பாயாத இடத்தில் சூடு, சூட்டில் விரிந்து சுருங்கி இன்னும் தளர்வு. வெளியே இருக்கிற ஸ்க்ரூவை எவ்வளவு முறுக்கினாலும் உள்ளே இருக்கிற பொடி போகாது. அளவுக்கு மீறி முறுக்கினால் அலுமினியம் நசுங்கி இன்னும் மோசமாகும். கெட்ட நுனியை வெட்டி, தேய்த்து, அதற்கென்று உள்ள பேஸ்ட்டைத் தடவி, ஒரு பக்கம் அலுமினியமும் ஒரு பக்கம் செம்புமாக வருகிற பைமெட்டல் லக் போட்டு அழுத்திக் கிரிம்ப் பண்ண வேண்டும்.

நான் சொல்ல வந்தது இதுதான். கரண்ட் பாய்ந்தால்தான் சூடு, சூடு இருந்தால்தான் கேமராவில் தெரியும். நாம் பார்ப்பதெல்லாம் கரண்ட் இல்லாதபோது. கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காக ஏறுவதால், பாதி லோடில் 10 டிகிரி கூடுதலாகக் காட்டுகிற ஜாயின்ட் முழு லோடில் ஏறக்குறைய 40 டிகிரி கூடுதலாகக் காயும். குறைந்தது 40 சதவீத லோடாவது இல்லாமல் ஸ்கேன் செய்யாதே என்று இந்த வேலை தெரிந்தவர்கள் சொல்வது அதனால்தான். ஆகவே ஐஸ் கம்பெனிகளுக்கு ஏப்ரல் முதல் வாரத்தில், கம்ப்ரசர் மூச்சு முட்ட ஓடும்போது கேமரா வர வேண்டும். எந்த ஜாயின்ட் என்று குறித்துக்கொண்டு, தடைக்காலத்தில் அதை மட்டும் ஒழுங்காகச் செய்துவிட்டு, ஜூன் கடைசியில் லோடு ஏறினதும் இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும். தெரு லைனுக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் இதே கணக்குதான். மின்தடை அறிவித்த நாளுக்கு முந்தின ராத்திரி ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிக்குள், வீடுகளில் லோடு உச்சத்தில் இருக்கும்போது, வெயில் சூடும் கம்பியில் தணிந்த பிறகு, ஒரு ஆள் கேமராவோடு ஒரு ரவுண்டு வந்தால் மறுநாள் ஏணி வைக்க வேண்டிய கம்பம் எது என்பது கையில் இருக்கும். இதில் யாரையும் குறை சொல்ல வரவில்லை, லைன்மேன்கள் படுகிற பாடு எனக்குத் தெரியும். அவர்கள் வேலை குறையத்தான் சொல்கிறேன்.

எத்தனை டிகிரி என்றால் பயப்பட வேண்டும் என்று கேட்பார்கள். ஒரே மாதிரி சாமான், ஒரே லோடு, பக்கத்துப் பேஸோடு ஒப்பிட்டால் 15 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உடனே கை வை என்பது அமெரிக்காவின் நேட்டா (மின்சாதனச் சோதனைக்காரர்கள் சங்கம்) அளவுகோல். 4 முதல் 15 வரை இருந்தால் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் நம் கரையில் இந்த எண்களை அப்படியே நம்பக் கூடாது. கச்சான் காற்று வீசும்போது கம்பத்து உச்சியில் கம்பிகளை இணைக்கிற ஜம்பர் ஆறிப்போய் 4 டிகிரிதான் காட்டும், காற்று விழுந்த அன்று அதுவே எரிந்து விழும்.

ஏமாறுகிற இடங்கள் இன்னும் உண்டு, நானே ஏமாந்திருக்கிறேன். புதுசாகப் பளபளவென்று இருக்கிற செம்பு பஸ்பாரை, அதாவது போர்டில் கரண்ட் போகிற பட்டையை, கேமராவில் பார்த்தால் குளிர்ச்சியாகத்தான் காட்டும், ஏனென்றால் அது தன் சூட்டை அதிகம் வெளிவிடாமல் எதிரே இருப்பதைக் கண்ணாடி மாதிரி திருப்பிக் காட்டுகிறது. ஒரு தடவை 37 டிகிரி என்று எழுதிவைத்தேன், அப்புறம் பார்த்தால் அது என் வயிற்றின் பிரதிபலிப்பு! கரண்ட் இல்லாத நேரத்தில் அங்கே கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டிவைத்தால் அடுத்த தடவை சரியாகக் காட்டும். மூடிய இரும்புக் கதவு, அக்ரிலிக் மூடி, சாதாரணக் கண்ணாடி எதன் வழியாகவும் இந்தக் கேமராவுக்கு உள்ளே தெரியாது, திறந்தால்தான் தெரியும். ஓடுகிற பேனலைத் திறப்பது விளையாட்டல்ல, தெரிந்த ஆள்தான் திறக்க வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கிற ஒற்றைப் புள்ளி வெப்பமானித் துப்பாக்கியைக் கீழே நின்று கம்பத்துக்குக் காட்டுவதும் வீண். அவற்றில் பலவும் 12 அடி தூரத்தில் ஒரு அடி வட்டத்தின் சராசரியைச் சொல்பவை, 24 அடிக்கு அது இரண்டடி, கட்டைவிரல் அளவு லக் அந்த வட்டத்தில் ஆகாயத்தோடு கரைந்துவிடும். கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற பீங்கானில் படிகிற உப்புக்கும் இந்தக் கேமரா பெரிதாக உதவாது. காய்ந்திருக்கிற வரை அது சும்மா இருக்கும், பனியோ முதல் தூறலோ பட்டதும் பொறி பறக்கும், அதற்குக் கழுவுவதுதான் வழி.

எங்கள் காலத்தில் மூக்குதான் கேமரா. பிளக், சுவிட்ச் பிளாஸ்டிக் சூடேறினால் மீன் கவிச்சு மாதிரி ஒரு வாடை வரும், வெளியூர் எலக்ட்ரீசியன்கள் அதை வைத்தே பிடித்துவிடுவார்கள். மண்டபத்தில் மீன் வாடை அடிக்கிறது என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது?

ஐஸ் கம்பெனி மட்டும் இல்லை. தொண்டிப் பக்கம் இறால் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு ராத்திரியில் தண்ணீரில் காற்றைக் கலக்குகிற ஏரேட்டர் நின்றால் விடிவதற்குள் குளமே போய்விடும், அவர்களுக்கும் இது வேண்டும். தனியாக ஒருவர் வாங்குவது கட்டாது. நாங்கள் நாலு கம்பெனிக்காரர்கள் சேர்ந்து வரும் ஏப்ரலில் ஒரு கேமராவை இரண்டு நாள் வாடகைக்கு எடுப்பதாகப் பேசியிருக்கிறோம், வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம், பக்கத்து ஊர்க்காரர்கள் சேர்ந்தாலும் சரி. உங்களிடம் கேட்பது ஒன்றுதான். 'நாளை மின்தடை' பெட்டியை ஒரு நாள் முன்னதாக, 'நாளை மறுநாள்' என்று போட முடியுமா? காலையில் பேப்பர் பார்த்துக் கேமராவுக்கு ஏற்பாடு செய்துவிட்டால், மறுநாள் ராத்திரியே அதைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஐஸ் கம்பெனி எலக்ட்ரீசியன் ஒருவர்,
மண்டபம்.