டிரம்முக்குக் கோலம் போட்ட கதை

பிலடெல்பியா,
அக்டோபர் கடைசி வாரம்.

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

அங்கே மழை பிடித்துவிட்டதா? மடிப்பாக்கத்தில் தெருவில் இறங்கி நடக்க முடிகிறதா? அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நான் நலம். முழங்கையில் ஒட்டிய வெள்ளைப் பெயிண்ட் மட்டும் போகமாட்டேன் என்கிறது. அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் எங்கள் தெருவுக்கு ஆறு டிரம் வந்து இறங்கியது. லாரித் தண்ணீர் பிடித்து வைப்போமே, அதே நீல டிரம்தான். 55 கேலன், நம் கணக்கில் 208 லிட்டர். போன ஜென்மத்தில் ஊறுகாய் இருந்திருக்க வேண்டும், மூடியைத் திறந்தால் காடி வாசனை. ஆறிலும் தெருக்காரர்களே படம் வரைந்து, ஆறு வீட்டு வாசலில் மழைநீர் பிடிக்கக் கூரைக் குழாய்க்குக் கீழே வைப்பதாக ஏற்பாடு. எங்கள் வீட்டில் டிரம் மாடிப்படிக்கு அடியில் கிடக்கும், விருந்தாளி வந்தால் பாட்டி பழைய புடவையால் மூடிவிடுவாள், ஞாபகம் இருக்கிறதா? இங்கே அதற்கு அலங்காரம் பண்ணி வாசலில் நிறுத்துகிறார்கள்!

இந்த ஊருக்கு இது புதிதில்லை. சுவரில் கிறுக்கிய பையன்களையே பிடித்துச் சுவரோவியம் வரைய வைக்கும் வேலையை 1984-இலேயே ஆரம்பித்துவிட்டார்கள். இன்று எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு முழுச் சுவர் படம்.

தண்ணீர்ப் பஞ்சத்துக்காக டிரம் வைக்கவில்லை என்பதுதான் எனக்கு வேடிக்கை. இங்கே பிரச்சினை நேர் எதிர். நகரத்தில் பாதிக்கு மேற்பட்ட இடத்தில் மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் போகின்றன. பெருமழை என்றால் குழாய் தாங்காமல் கழிவோடு சேர்ந்து ஆற்றில் கொட்டிவிடும். அதைக் குறைக்க 2011-இல் 25 வருடத் திட்டம் போட்டார்கள். கூரைத் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பிடித்து வைப்பதும் அதில் சேர்த்தி. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன்டி. ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஓர் அங்குலம் மழை பெய்தால் 2,300 லிட்டருக்கு மேல் வரும். நம் டிரம் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மழை சூடு பிடிப்பதற்குள் நிரம்பி வழிந்துவிடும். நாலு கம்பு நட்டு வேட்டியைக் கட்டி, நடுவில் கல்லைப் போட்டுக் குடத்தில் பிடித்தோமே, அந்தத் தண்ணீரில் சாம்பாராவது வைத்தோம். இது செடிக்கு மட்டும்தான், குடிக்க ஆகாது.

சரி, என் டிரம்முக்கு வருகிறேன். சிக்குக் கோலம்தான் என்று முடிவு. அவசரக்குடுக்கை நான், நேராக அக்ரிலிக் பெயிண்டை அடித்தேன். மறுநாள் நகத்தால் சுரண்டினால் வாழைநார் மாதிரி உரிந்து வருகிறது! எதிர்வீட்டுப் பெரியவர் சிரித்துக்கொண்டே வந்தார். சோப்புப் போட்டுக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, பிளாஸ்டிக்குக்கான ப்ரைமர் அடித்து ஒரு நாள் காயவிட்ட பிறகுதான் நிறம் பிடித்தது. கடைசியில் வெயிலுக்கு வார்னிஷ்.

அதைவிடப் பெரிய பாடு புள்ளி. தரையில் போடும் கோலத்துக்கு ஓரம் உண்டு. டிரம்மில் ஏது ஓரம்? சுற்றி வந்த கோலக் கம்பி புறப்பட்ட இடத்திலேயே வந்து சேர வேண்டும். டேப் பிடித்தால் சுற்றளவு 183 சென்டிமீட்டர். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்ததில் கடைசியில் மூன்று சென்டிமீட்டர் அனாதையாக நின்றது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, 24 புள்ளி, ஏழரைக்குக் கொஞ்சம் மேலே இடைவெளி என்று திரும்ப வைத்தேன். பக்கத்து வீட்டுச் சின்னப்பெண் கம்பியின் மேல் விரலை வைத்துக்கொண்டு டிரம்மைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "முடியவே இல்லையே!" என்று ஒரே கூச்சல். அன்று போதும் போதும் என்கிற அளவுக்குப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அடுத்த மாதம் உறைபனிக்கு முன்னால் தண்ணீரை வடித்து, குழாயைக் கழற்றி, டிரம்மைக் கவிழ்த்துவிட வேண்டும், இல்லையென்றால் வெடித்துவிடும். அதற்குள் ஒரு வேலை பாக்கி. அடிவரிசையைக் காலியாக விட்டிருக்கிறேன். மார்கழியில் உன் அம்மா போடுவாரே, தாமரை மாதிரி வளையும் ஒன்று, எந்தப் புள்ளியில் திரும்பும் என்று மறந்துபோனது. அம்மாவை உட்கார்ந்தபடியே ஒரு தாளில் போடச் சொல்லி, படம் எடுத்து அனுப்பேன்.

அன்புடன்,
உன் ரூம்மேட்